நெருஞ்சி முள்ளும் குருவி அலகும்

உயிரினங்கள் தலைமுறை தலைமுறையாக மாறி வந்திருக்கின்றன என்ற கருத்தைக் குறிக்கத் தமிழ்நாட்டில் பெருவழக்காக இருப்பது பரிணாமம் என்னும் சொல். இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் கூர்ப்பு என்னும் சொல்லை ஆள்கின்றன. இந்தியத் தத்துவ மரபில் பரிணாமம் என்பது பால் தயிராவது போல ஒரு பொருள் தானே வேறொரு நிலையை அடைவதைக் குறித்த சொல். ஆதலால் அதைக் கேட்ட அளவில், ஓர் உயிர் தன் வாழ்நாளுக்குள் சிறிது சிறிதாக உருமாறி வேறோர் உயிராகிறது என்ற படமே மனத்தில் எழுந்துவிடுகிறது. இயற்கைத் தேர்வு என்ற தொடரும் இத்தகைய சிக்கலிலிருந்து தப்பவில்லை. தேர்வு என்றவுடன் தேர்ந்தெடுக்கும் ஒருவர் வேண்டும் என்று தோன்றுகிறது; பள்ளிப் படிப்பின் பழக்கத்தால், வினாத்தாளும் மதிப்பெண்ணும் தேர்ச்சியும் தோல்வியும் அச்சொல்லோடு ஒட்டிக்கொண்டே வருகின்றன.

இச்சிக்கல் தமிழுக்கு மட்டும் உரியதன்று. இயற்கைத் தேர்வுக் கொள்கையைச் சார்லஸ் டார்வினோடு ஒரே காலத்தில் தனித்துக் கண்டறிந்த ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ், ஆங்கிலத் தொடரும் ஏதோ ஓர் அறிவுள்ள சக்தி தேர்ந்தெடுப்பதாகப் படிப்போரை எண்ண வைக்கிறது என்று 1866ஆம் ஆண்டில் டார்வினுக்குக் கடிதம் எழுதி, ஹெர்பர்ட் ஸ்பென்சர் 1864இல் ஆண்ட மற்றொரு தொடரை அதற்கு மாற்றாகப் பரிந்துரைத்தார். உயிரினங்களின் தோற்றம் என்னும் தம் நூலின், 1869இல் வெளிவந்த ஐந்தாம் பதிப்பில் டார்வின் அதையும் சேர்த்துக்கொண்டார். தக்கன பிழைக்கும் என்று தமிழில் அறியப்படும் அத்தொடர், வலியது வாழும், எளியது மடியும் என்று மேலும் திரிந்து, அரசியலிலும் வணிகத்திலும் எளியோரை ஒதுக்குவதற்கு அறிவியல் துணை நிற்பது போன்ற ஒரு மயக்கத்தை உண்டாக்கிவிட்டது. ஒரு தவறான புரிதலைப் போக்கவந்த தொடர் அதைவிடப் பெரிய தவறொன்றுக்கு வழிவிட்டது வருந்தத்தக்கது.

சொல்லைச் சுற்றி எழுந்த மயக்கத்தைச் சொல்லால் மட்டும் தீர்ப்பது கடினம். இயற்கைத் தேர்வு என்பது உண்மையில் நிகழும்போது அது எப்படியிருக்கிறது, அதில் யார் என்ன செய்கிறார்கள், யாரும் செய்யாமல் நிகழ்வது எது என்பதை ஓரிடத்தில் வைத்து நெருக்கமாகப் பார்ப்பதே நல்ல வழி. அதற்கு ஏற்ற இடமொன்று பசிபிக் பெருங்கடலில் இருக்கிறது. ஈக்வடார் நாட்டுக் கரையிலிருந்து ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர் மேற்கே உள்ள கலாபகசுத் தீவுக்கூட்டத்தில், டாஃப்னி மேஜர் எனப்படும் சிறு தீவில், பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் என்னும் இணையரும் அவர்களுடைய மாணவர்களும் 1973 முதல் 2012 வரை நாற்பது ஆண்டுகள் குருவிகளின் அலகை அளந்தனர். அந்த அளவுகளே இவ்வுரையின் அடிப்படை.

டாஃப்னிக்குச் செல்லுமுன் கொள்கையின் எலும்புக்கூட்டைச் சுருக்கமாகக் காண்பது தகும். ஓர் இனத்தைச் சேர்ந்த உயிர்கள் ஒன்றுபோல் ஒன்று இருப்பதில்லை. உயரத்திலும் நிறத்திலும் நோயைத் தாங்கும் ஆற்றலிலும் வேறுபடுகின்றன. இதற்கு மாறுபாடு என்று பெயர். அம்மாறுபாடுகளில் பல பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்குச் செல்கின்றன; இது மரபுப்பேறு. மூன்றாவதாக, பிறப்பவை எல்லாம் வளர்ந்து இனம் பெருக்க உணவும் இடமும் போதுவதில்லை. மிக மெதுவாகப் பெருகும் விலங்கு என்று டார்வின் கருதிய யானையே, தடையின்றிப் பெருகினால், ஓர் இணையின் வழித்தோன்றல்கள் 740 அல்லது 750 ஆண்டுகளில் 1 கோடியே 90 லட்சத்தை எட்டும் என்று அவருடைய நூலின் பிற்காலப் பதிப்புகள் கணக்கிட்டன. ஆனால் உலகம் யானைகளால் நிரம்பிவிடவில்லை. ஆகவே பெரும்பாலானவை இடையில் மடிகின்றன என்பது கண்கூடு. மடிவதும் எஞ்சுவதும் முழுக்கத் தற்செயலாக அமையாமல், ஏதேனும் ஒரு மாறுபாட்டைச் சார்ந்து அமையுமானால், அம்மாறுபாடு மரபுவழி செல்வதாகவும் இருக்குமானால், அடுத்த தலைமுறையில் அதை உடையவை சற்றே மிகுந்திருக்கும். இயற்கைத் தேர்வு என்பது இவ்வளவே. தேர்ந்தெடுப்பவர் எவரும் இக்கணக்கில் வரவில்லை. 1858 ஜூலை 1ஆம் நாள் லண்டன் லின்னேயன் கழகத்தில் டார்வின், வாலஸ் இருவர் எழுத்துகளும் ஒருங்கே படிக்கப்பட்டபோதும், மறுஆண்டு நவம்பரில் உயிரினங்களின் தோற்றம் என்னும் நூல் வெளிவந்தபோதும், உலகின் முன் வைக்கப்பட்டது இந்த எளிய கணக்குதான்.

கணக்கு எளிதாயினும் அதை நேரில் காண முடியும் என்று டார்வின் நம்பவில்லை. மலைகள் தேய்வதையும் கடற்கரைகள் உயர்வதையும் போல அது மிக மெல்ல நிகழ்வது என்றும், நெடுங்காலம் கழிந்த பின் விளைவு மட்டுமே கண்ணுக்குப் புலனாகும் என்றும் அவர் கருதினார். கலாபகசுத் தீவுகளில் குருவிகளின் அலகைக் கண்ட நொடியில் அவருக்கு உண்மை விளங்கியது என்று பரவலாகச் சொல்லப்படும் கதைக்கும் வரலாற்றில் ஆதாரம் இல்லை. பீகிள் கப்பலில் சென்ற அவர் 1835 செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் ஐந்து வாரங்களே அங்கிருந்தார். நான்கு தீவுகளில் கால்வைத்தார். சேகரித்த குருவிகளில் பலவற்றை எந்தத் தீவில் பிடித்தது என்று குறிக்கவும் தவறினார். அவை நெருங்கிய உறவுடைய தனித்தனி இனங்கள் என்று 1837 ஜனவரியில் லண்டனில் பிரித்துக் காட்டியவர் பறவையியலாளர் ஜான் கூல்ட். தீவுப் பெயர் குறித்துவைத்திருந்த கப்பல் தோழர்களின் சேகரிப்புகளைக் கொண்டே டார்வின் பின்னர் தம் குறிப்புகளைச் சரிசெய்ய முயன்றார். உயிரினங்களின் தோற்றம் நூலில் இக்குருவிகளுக்கென்று தனியிடம் எதுவும் இல்லை. டார்வின் குருவிகள் என்ற பெயர் 1936இல் பெர்சி லோ சூட்டியது. அப்பெயரை நிலைபெறச் செய்தது டேவிட் லாக் 1947இல் வெளியிட்ட நூல். குறிக்கத் தவறியதைப் பின்னர் உணர்ந்து, பிறர் குறிப்புகளைத் தேடித் திருத்த முயன்ற ஓர் இளைஞரின் உழைப்பு, ஒரு நொடியில் ஞானம் பெற்ற மேதையின் கதையைவிட மதிப்புடையது. மாணவர்களுக்குச் சொல்லத் தக்கதும் அதுவே.

இக்குருவிகளின் மூதாதையர் பத்துலட்சக் கணக்கான ஆண்டுகளுக்கு முன் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து சேர்ந்தவை. அவற்றின் வழிவந்தவற்றுள் சில தடித்த அலகால் விதையுடைக்கின்றன. சில மெல்லிய அலகால் பூச்சி பிடிக்கின்றன. ஒன்று கள்ளிமுள்ளையோ குச்சியையோ அலகில் ஏந்தி மரப்பொந்திலுள்ள புழுவை வெளியே இழுக்கிறது. ஓர் உயிரின் உறுப்பும் நடத்தையும் அது வாழும் சூழலுக்குப் பொருந்தி அமைவதைத் தகவமைப்பு என்பர். இந்தப் பொருத்தம் எவ்வாறு உண்டாகிறது என்பதே வினா.

டாஃப்னி மேஜர் ஓர் எரிமலைக் கூம்பு. அதன் பரப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு சதுர கிலோமீட்டர். உயரம் 120 மீட்டர். மனிதர் எவரும் அங்குக் குடியிருந்ததில்லை, குடிநீர் இல்லை, படகிலிருந்து பாறை விளிம்பில் தாவித்தான் ஏற வேண்டும். ஓர் ஆய்வாளருக்கு இந்த வறுமையே செல்வம். தீவு சிறியதாதலால் ஏறத்தாழ ஒவ்வொரு குருவியையும் பிடித்து, காலில் உலோக வளையமும் வண்ண வளையங்களும் இட்டு, எடையையும் சிறகையும் அலகையும் அளந்து, அது எவருக்குப் பிறந்தது, எவரோடு இணைந்தது, எந்த ஆண்டில் மறைந்தது என்று குடும்பப் பதிவேடு போல எழுதிவைக்க முடிந்தது. அங்கு மிகுதியாக இருந்தது நடுத்தரத் தரைக்குருவி. அதன் அலகின் பருமன், அதாவது அடிப்பகுதியில் மேலலகின் உச்சியிலிருந்து கீழலகின் அடிவரை உள்ள அளவு, குருவிக்குக் குருவி வேறுபட்டது. தடித்த அலகுடைய பெற்றோருக்குப் பெரும்பாலும் தடித்த அலகுடைய குஞ்சுகளே பிறந்தன. டார்வின் கணக்கின் முதலிரண்டு உறுப்புகளும் அங்கே அளவோடு கிடைத்துவிட்டன. மூன்றாவது 1977இல் வந்தது.

அவ்வாண்டின் மழைக்காலத்தில் டாஃப்னியில் பெய்தது 24 மில்லிமீட்டர் மழை மட்டுமே. புற்களும் சிறுசெடிகளும் விதை வைக்கவில்லை. குருவிகள் கூடு கட்டவில்லை. முந்தைய ஆண்டில் சிந்திக் கிடந்த சிறிய மென்மையான விதைகள் முதலில் தீர்ந்தன. அதன்பின் தீவில் எஞ்சியவற்றில் பெரும்பங்கு, உடைத்தற்கரிய பெரிய விதைகள்.

அவற்றுள் தலையாயது தமிழருக்கு மிக அறிமுகமான ஒரு முள். வெறுங்காலோடு தரிசில் நடந்தவர் எவரும் மறக்க முடியாத நெருஞ்சியின் நெருங்கிய உறவான ஒரு செடி, அதே பேரினத்தைச் சேர்ந்தது, கலாபகசில் படர்ந்து வளர்கிறது. நம் நெருஞ்சியைப் போலவே அதற்கும் மஞ்சள் பூ; அதன் கனியும் முற்றிக் காய்ந்ததும் ஐந்து கூறுகளாகப் பிரிகிறது; ஒவ்வொரு கூறும் மரம்போல் இறுகிய ஓட்டையும் கூரிய முட்களையும் உடையது; அதனுள்ளே சில விதைகள் உறங்குகின்றன. அவ்விதையை அடைய ஒரு குருவி கூற்றின் மூலையைக் கவ்வி, முறுக்கி, ஓட்டைப் பிளக்க வேண்டும். அலகு போதிய பருமனுடையதாக இருந்தால் இது இயலும். அதைவிட அரை மில்லிமீட்டர் குறைந்தால் இயலாது, குருவி முயல்வதையே விட்டுவிடும். ஒரு நெருஞ்சி ஓட்டின் வலிமைக்கும் ஒரு குருவித் தாடையின் வலிமைக்கும் இடையிலுள்ள இந்த மயிரிழை வேறுபாடு, மழை பெய்த ஆண்டுகளில் எவருக்கும் தேவைப்படாத ஒன்றாக இருந்தது.

1976இல் 1,200 அளவில் இருந்த நடுத்தரத் தரைக்குருவிகள் 1977 முடிவில் 200க்கும் கீழே குறைந்தன. ஆறில் ஐந்து பங்கு மடிந்தது. எவை மடிந்தன என்பது பதிவேட்டில் தெளிவாக இருந்தது. சிறிய உடலும் சிறிய அலகும் உடையவை மிகுதியாக மடிந்தன. ஆணைவிடப் பெண் சிறியதாதலால் பெண்கள் மிகுதியாக மடிந்தன. எஞ்சியவற்றில் ஒரு பெண்ணுக்கு ஐந்தாறு ஆண்கள் என்ற நிலை உண்டாயிற்று. வறட்சிக்கு முன் அலகின் சராசரிப் பருமன் ஏறத்தாழ 9.4 மில்லிமீட்டர், தப்பியவற்றில் அது 10 மில்லிமீட்டரை நெருங்கியது. 1978இல் மழை பெய்து குஞ்சுகள் பொரித்து வளர்ந்தபின் அவற்றின் அலகையும் அளந்தபோது, வறட்சிக்கு முன்பிருந்த தலைமுறையைவிடச் சராசரியாக 4 விழுக்காடு அளவுக்குப் பருமன் கூடியிருந்தது. நெடுங்காலம் கழிந்தாலன்றிக் காணமுடியாது என்று டார்வின் எண்ணியது, ஒரே ஒரு தலைமுறையின் இடைவெளியில், அளவியின் முனைகளுக்கு இடையில் அகப்பட்டது.

இவ்விடத்தில் சற்று நின்று, நிகழாதது எது என்று காண வேண்டும். அவ்வாண்டில் எந்தக் குருவியின் அலகும் தடிக்கவில்லை. நெருஞ்சியை உடைக்க முயன்று முயன்று அலகு தடித்து, அத்தடிப்பு குஞ்சுக்குச் சென்றதாகக் கொள்வது, டார்வினுக்கு முன் லமார்க் முதலியோர் கருதிய வகையைச் சேர்ந்த விளக்கம். டாஃப்னியின் பதிவேடு அதற்கு இடம் தரவில்லை. சிறிய அலகோடு பிறந்தது சிறிய அலகோடே இறந்தது. பெரிய அலகோடு பிறந்தது பெரிய அலகோடே வாழ்ந்தது. மாறியது குருவியன்று, குருவிக் கூட்டம், கூட்டத்தின் சராசரி. உயிரினங்கள் சூழலுக்கேற்பத் தம்மை மாற்றிக்கொள்கின்றன என்று பாடநூல்களிலும் ஊடகங்களிலும் எழுதப்படும் வாக்கியம் கேட்க எளிதாக இருப்பதனாலேயே ஆபத்தானது. அதில் உள்ள தம்மை என்னும் சொல் ஆயிரம் சாவுகளை மறைத்துவிடுகிறது. தகவமைப்பு என்னும் பொருத்தத்துக்கு ஒரு விலை உண்டு. அதைக் கொடுத்தவை, அந்தப் பொருத்தம் தம்மிடம் இல்லாமல் மடிந்தவை.

நடுத்தரத் தரைக்குருவிகளுள் தடித்த அலகுடையவை சிறந்தவை, பிற தாழ்ந்தவை என்ற முடிவுக்கும் டாஃப்னி நெடுநாள் இடம் தரவில்லை. 1982 இறுதியில் எல் நினோ எனப்படும் கடல்வெப்ப மாற்றம் பசிபிக்கின் கிழக்குப் பகுதியைச் சூடாக்கியது; 1983இன் நடுப்பகுதி வரை தொடர்ந்த அப்பருவத்தில், ஐந்தாறு ஆண்டுகளுக்கு முன் 24 மில்லிமீட்டர் கண்ட அதே தீவில், 1,359 மில்லிமீட்டர் மழை கொட்டியது. கொடிகள் படர்ந்து பாறைகளை மூடின. நெருஞ்சியும் சப்பாத்திக் கள்ளியின் இனமான மரக்கள்ளிகளும் கொடிகளின் கீழ் அமுங்கின. எங்கும் சிறுவிதைச் செடிகள் மண்டின. குருவிகள் ஒரே பருவத்தில் பலமுறை அடைகாத்தன. அப்பருவத்தில் பொரித்த குஞ்சுகளுள் சில அப்பருவத்திலேயே இணைதேடின. பின்னர் மழை நின்று வறட்சி திரும்பியபோது, தீவில் விதை இருந்தது. ஆனால் அது சிறுவிதை. சிறுவிதையைப் பொறுக்குவதில் தடித்த அலகும் பெரிய உடலும் சுமையாயின. பெரியவை மிகுதியாக மடிந்தன, சிறிய அலகுடையவை மிகுதியாகத் தப்பின. லைல் கிப்ஸ், பீட்டர் கிராண்ட் இருவரும் 1987இல் வெளியிட்ட கட்டுரை இதை ஊசலாடும் தேர்வு என்று பெயரிட்டு விவரித்தது.

எந்த அலகு 1977இல் உயிர்காத்ததோ அதே அலகு எட்டு ஆண்டுகளுக்குள் உயிருக்குச் சுமையாயிற்று. தக்கன பிழைக்கும் என்னும் தொடரில் தக்கன என்பதற்கு நிலையான பொருள் இல்லை என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று அரிது. எந்த ஆண்டுக்குத் தக்கது, எந்த விதைக்குத் தக்கது, எந்த அண்டைவீட்டாருக்கு இடையே தக்கது என்று கேட்டே அச்சொல்லைப் பயன்படுத்த வேண்டும்.

அண்டைவீட்டார் என்பது இங்கு அணிக்காகச் சொன்னதன்று. 1982இல் பெரிய தரைக்குருவி என்னும் மற்றோர் இனத்தின் சில குருவிகள் டாஃப்னியில் முதன்முறையாகக் கூடு கட்டின. நெருஞ்சி ஓட்டை உடைப்பதில் அவற்றுக்கு இணையில்லை. இருபதாண்டுகளில் அவை பெருகின. 2003ஆம் ஆண்டு தொடங்கிய வறட்சியில் தீவிலிருந்த நெருஞ்சி விதைகளைப் பெரும்பாலும் அவையே தீர்த்துவிட்டன. 1977இல் நடுத்தரத் தரைக்குருவிகளுள் தடித்த அலகுடையவற்றுக்கு அடைக்கலமாக இருந்த உணவு, இம்முறை வலியவரின் வாயிலிருந்தது. ஆகவே இம்முறை மடிந்தவை நடுத்தரக் குருவிகளுள் பெரிய அலகுடையவை. அலகின் சராசரி சட்டென்று சுருங்கியது. நாற்பதாண்டுப் பதிவில் மிகக் கடுமையான தேர்வுகளுள் ஒன்றாக இது விளங்கியது. இரண்டு இனங்கள் ஒரே உணவுக்குப் போட்டியிடும்போது அவற்றின் உறுப்புகள் ஒன்றிலிருந்து ஒன்று விலகிச்செல்வதைப் பண்பு விலக்கம் என்பர். டேவிட் லாக் அலகுகளைத் தீவுதோறும் ஒப்பிட்டு ஊகித்த அது, நிகழும்போதே அளக்கப்பட்டு 2006இல் வெளியிடப்பட்டது. நெருஞ்சியும் இதற்குள் சும்மா இருக்கவில்லை என்பதையும் சேர்த்தெண்ண வேண்டும். எளிதில் உடையும் கூறுகள் தின்னப்பட, உடையாதவை முளைக்க எஞ்சுகின்றன. குருவி நெருஞ்சியைக் கொண்டு தேர்ந்தெடுக்கப்படுவது போல நெருஞ்சியும் குருவியைக் கொண்டு தேர்ந்தெடுக்கப்படுகிறது.

இவ்வளவு சாவுக்குப் பின்னும் மாறுபாடு ஏன் தீர்ந்துபோவதில்லை என்ற வினா எழுவது இயல்பு. டார்வினை மிகவும் வாட்டிய வினாவும் இதுவே. பெற்றோர் இருவரின் பண்புகளும் பாலும் நீரும் போல் கலந்துவிடும் என்றால், ஒரு புதிய மாறுபாடு சில தலைமுறைகளில் நீர்த்து மறைந்துவிடும் என்று 1867இல் ஃபிளீமிங் ஜென்கின் என்னும் பொறியாளர் எழுப்பிய தடைக்கு அவரிடம் நிறைவான விடை இல்லை. விடை அதற்கு முந்தைய ஆண்டே கிரிகோர் மெண்டலின் பட்டாணிச்செடிக் கட்டுரையில் அச்சாகியிருந்தது: மரபுக் கூறுகள் கலந்து கரைவதில்லை, நெல்லும் பயறும் ஒரே பையில் கிடந்தாலும் மணி மணியாகவே இருப்பது போலத் தனித்து நின்று தலைமுறை கடக்கின்றன. அக்கட்டுரையின் பொருளை உலகம் உணர 1900 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

மெண்டலின் மணிகள் இன்று மரபணு என்று அறியப்படுகின்றன. டி.என்.ஏ. என்னும் நீண்ட இழையில் நான்கே எழுத்துகளால் எழுதப்பட்ட செய்தி, ஒவ்வொரு தலைமுறையிலும் படியெடுக்கப்படுகிறது. ஓலைச்சுவடியைப் படியெடுத்த எழுத்தர் எவ்வளவு கவனமாக இருந்தாலும் எங்கோ ஓர் எழுத்து மாறிவிடுவது போல, இதிலும் பிழை நேர்கிறது. இதுவே சடுதிமாற்றம். சுவடிப் பதிப்பாசிரியர்கள் பாடவேறுபாடு என்று குறிக்கும் அதே நிகழ்வு உயிரின் சுவடியிலும் உண்டு. பெரும்பாலான வேறுபாடுகளால் ஒன்றும் ஆவதில்லை. சில கேடு செய்கின்றன. மிகச் சில, ஏதோ ஒரு சூழலில், உதவுகின்றன. பிழை என்ற பெயரும் தப்பி உயிர்வாழ்தலைக் குறிக்கும் பிழைத்தல் என்ற வினையும் தமிழில் ஒரே வடிவில் நிற்பது கவனிக்கத்தக்கது. தவறுதல் என்ற பொருளும் தப்புதல் என்ற பொருளும் அவ்வினையில் அருகருகே இருக்கின்றன. படியெடுப்பில் பிழையே நேராத ஓர் உயிரினம், சூழல் மாறும் நாளில் பிழைக்க வழியற்றுப் போகும் என்ற உயிரியல் உண்மைக்கு இதைவிட நெருக்கமான சொல் கிடைப்பது அரிது.

ஒரே பிழை கேடும் காப்பும் ஆகலாம் என்பதற்கு மனித இரத்தமே சான்று. சிவப்பணுக்களில் உயிர்வளியைச் சுமக்கும் ஹீமோகுளோபின் புரதத்துக்கான செய்தியில் ஒரே ஓர் எழுத்து மாறினால், அப்புரதத்தில் ஓர் அமினோ அமிலம் மாறி, அணுக்கள் அரிவாள் போல் வளைகின்றன. தாய் தந்தை இருவரிடமிருந்தும் இவ்வடிவைப் பெற்றவர் அரிவாளணுச் சோகையால் பெருந்துன்பம் அடைகிறார். ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றவர் பெரும்பாலும் நலமாக வாழ்வதோடு, கடுமையான மலேரியாவிலிருந்து ஓரளவு காக்கப்படுகிறார் என்று 1954இல் ஆந்தனி அலிசன் கிழக்கு ஆப்பிரிக்காவில் காட்டினார். மலேரியா பரவிய நிலங்களில் இந்த மரபணு வடிவு ஒழியாமல் நிற்பதற்குக் காரணம் இதுவே. தமிழ்நாட்டின் நீலகிரியில் வாழும் பழங்குடி மக்களிடையே இவ்வடிவு இருப்பது 1952இல் வெளியான ஆய்வில் பதிவாயிற்று. மலேரியா அடங்கிய பின்னும் அம்மக்களின் குழந்தைகள் சோகையின் வலியைச் சுமக்கிறார்கள். அவர்களுடைய முன்னோரைக் காத்த கவசத்தின் மறுபுறம் அது. இயற்கைத் தேர்வு அறம் பார்ப்பதில்லை, வருங்காலமும் பார்ப்பதில்லை. அவ்வலியைத் தணிக்கும் பொறுப்பு மருத்துவத்துக்கும் அரசுக்கும் உரியது, அதை இயற்கையின் ஏற்பாடு என்று சொல்லித் தட்டிக்கழிக்க எவருக்கும் உரிமையில்லை.

டாஃப்னிக் குருவிகளின் மரபணுக்களும் இப்போது படிக்கப்பட்டுள்ளன. அலகின் உருவ வேறுபாட்டோடு தொடர்புடைய ஏ.எல்.எக்ஸ்.1 என்னும் மரபணு 2015இலும், அலகின் அளவோடு தொடர்புடைய எச்.எம்.ஜி.ஏ.2 என்பது 2016இலும் அடையாளம் காணப்பட்டன. பின்னதற்கு இரண்டு வடிவுகள்: ஒன்று பெரிய அலகோடும் மற்றொன்று சிறிய அலகோடும் சேர்ந்து வருகின்றன. முன்னரே எடுத்துவைத்த இரத்த மாதிரிகளைச் சோதித்தபோது, 2004, 2005ஆம் ஆண்டுகளின் வறட்சியில் பெரிய அலகு வடிவை உடையவை மிகுதியாக மடிந்தது தெரியவந்தது. அலகை அளந்து அறிந்த செய்தியும் எழுத்தைப் படித்து அறிந்த செய்தியும் ஒன்றையொன்று உறுதி செய்தன. மாறுபாடு வற்றாதிருக்க மற்றொரு வழியும் அங்குத் தெரிந்தது. நடுத்தரத் தரைக்குருவியும் அத்தீவின் மற்றோர் இனமான கள்ளிக்குருவியும் எப்போதாவது இணைந்து கலப்புக் குஞ்சுகள் பிறந்தன. 1983க்கு முன் அவை நெடுநாள் தங்கவில்லை. சிறுவிதை மிகுந்த பின்னாளில் அவை பிறவற்றுக்குக் குறைவின்றி வாழ்ந்து, ஓரினத்தின் மரபணுக்களை மற்றோரினத்துக்குள் கொண்டுசென்றன. இனம் என்பது மதில்சூழ்ந்த கோட்டை என்ற எண்ணமும் இதனால் தளர்ந்தது.

ஊசல் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே இருந்தால் புதிய இனம் எவ்வாறு தோன்றும் என்பது இறுதியாக எழும் வினா. ஒரே கூட்டம் இரண்டாகப் பிரிந்து, ஒன்றோடொன்று இணையாமல், வெவ்வேறு வழியில் மாறிச்செல்ல வேண்டும். பெரும்பாலும் அதற்குத் தீவோ மலையோ ஆறோ இடையில் நின்று பிரிக்க வேண்டும் என்பது பொதுக்கருத்து. டாஃப்னியில் ஒரு குருவியும் ஒரு பாட்டும் அதைச் செய்தன. 1981இல் அத்தீவுக்கு வந்த ஓர் ஆண்குருவி அங்கிருந்த நடுத்தரத் தரைக்குருவிகளைவிடக் கணிசமாகப் பெரியது, தலையும் அலகும் வேறு, பாட்டும் வேறு. 100 கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள எஸ்பன்யோலா தீவிலிருந்து வந்த பெரிய கள்ளிக்குருவி அது என்று பின்னாளில் மரபணு ஆய்வு காட்டியது. திரும்பிப்போக இயலாத அக்குருவி உள்ளூர் நடுத்தரத் தரைக்குருவி ஒன்றோடு இணைந்தது. இக்குருவிகளில் ஆண்குஞ்சு பாடக் கற்பது தந்தையிடமிருந்து. பெண்குருவி இணையைத் தேர்வது பாட்டையும் அலகையும் கொண்டு. வந்தேறியின் மகன்கள் அதன் பாட்டையே பாடின. உள்ளூர்ப் பெண்களுக்கு அப்பாட்டு அந்நியமாயிற்று.

2003 தொடங்கிய அந்த வறட்சி முடிந்தபோது அவ்வழியில் எஞ்சியவை ஓர் அண்ணனும் ஒரு தங்கையும் மட்டுமே. அவ்விரண்டும் இணைந்தன, அவற்றின் பிள்ளைகளும் தம் வழியிலேயே இணைந்தன, அதன்பின் அவ்வழி வெளியிலிருந்து எவரையும் ஏற்கவில்லை. பல்லாயிரம் ஆண்டுகள் வேண்டும் என்று கருதப்பட்ட இணைவிலக்கம், அதாவது ஒரு கூட்டம் மற்றொன்றோடு இனம் கலவாமை, மூன்று தலைமுறையில் நிலைத்தது. அவற்றின் அலகு நடுத்தரக் குருவிக்கும் பெரிய தரைக்குருவிக்கும் இடையில், இரண்டும் முழுதாகப் பயன்கொள்ளாத ஒரு வாய்ப்பில் பொருந்தி, நெருஞ்சியை உடைக்கவும் கள்ளியின் பூவையும் கனியையும் தின்னவும் உதவியது. நெருங்கிய உறவுக்குள்ளேயே இணைவதன் கேடு 2012 வரை அவ்வழியை அழிக்கவில்லை; பின்னர் கேடு வராது என்பதற்கு உறுதியும் இல்லை. அதற்குத் தனி இனம் என்ற பெயரை ஆய்வாளர்கள் சூட்டவில்லை. 2017இல் தம் முடிவுகளை வெளியிட்டபோதும் பெரும்பறவை வழி என்ற புனைபெயராலேயே அதைக் குறித்தனர். நாற்பதாம் ஆண்டின் முடிவில், டாஃப்னியின் சரிவுகளில், எஸ்பன்யோலாவிலிருந்து தவறிவந்த ஒரு குருவியின் பாட்டை அதன் வழித்தோன்றல்கள் பாடிக்கொண்டிருந்தன.